மீன் பறி பின்னும் கலை

(ஆவடியை அடுத்த சிற்றூர்களின் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)





மழைக்காலம் தொடங்க இன்னும் சில வாரங்களே உள்ளன. வரத்துக் கால்வாயைத் தூர் எடுப்பது, மதகுப் பலகையைச் சரி பார்ப்பது, கலிங்கில் முளைத்திருக்கும் ஆலஞ்செடியைக் களைவது ஆகியவற்றைப் பற்றி எனக்கு முன் பேசியவர்கள் விளக்கமாகக் கூறினார்கள். எனக்கு அளிக்கப்பட்ட பொருள் அவற்றைவிடச் சிறியது. இதோ, இந்த மேசையின் மேல் இருக்கும் பறிதான் அது. மூங்கிற் பிளாச்சும் பனைநாரும் தவிர இதில் வேறொன்றும் இல்லை. ஓர் ஆணியும் இல்லை. இதைப் பின்னத் தெரிந்த ஒருவன், கத்தி ஒன்று மட்டும் கையிலிருந்தால், ஓடும் நீர் உள்ள எந்த இடத்திலும் பட்டினி கிடக்க மாட்டான். அப்படிப்பட்ட ஒரு கலை நம் கண்ணெதிரே மறைந்து வருகின்றது. அதைக் காப்பது ஊராட்சியின் கடமைகளுள் ஒன்று என்பதை எடுத்துரைக்கவே நான் வந்திருக்கின்றேன்.

நாம் கூடியிருக்கும் ஆவடிக்கு நாட்டு வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1955ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் யு. என். தேபர் அவர்களின் தலைமையில் காங்கிரஸ் மகாசபை இங்கே கூடியது. சோஷலிஸ அமைப்பு கொண்ட சமுதாயமே நம் குறிக்கோள் என்ற தீர்மானம் இங்கேதான் நிறைவேறிற்று. அப்பெரிய சொல்லின் பொருளைப் பற்றிப் பலர் பலவாறு கூறுவர். ஊரைப் பொறுத்தவரை அதன் பொருளை நான் இவ்வாறு புரிந்துகொண்டேன்: ஏரியின் நீர் ஊருக்குப் பொது, அந்நீரிலுள்ள மீனும் ஊருக்குப் பொது, அதில் ஏழைக்கும் ஒரு பங்கு உண்டு. 2019ஆம் ஆண்டில் ஆவடி மாநகராட்சியாக உயர்ந்துவிட்டது. ஆயினும் இதனைச் சூழ்ந்துள்ள வில்லிவாக்கம், பூவிருந்தவல்லி ஒன்றியங்களில் இன்றும் ஏரிகளும் கழனிகளும் இருக்கின்றன. ஏரியை நம்பிய குடும்பங்களும் இருக்கின்றன.

பறி என்பது யாது?

நீருக்குள் வைக்கும் கூடை போன்ற பொறியே பறி. அதன் வாய் அகன்றது. உள்ளே செல்லும் வழி போகப் போகக் குறுகுவது. உள்ளே நுழையும் மீனுக்கு வழி எளிது. வெளியேற முயலும் மீனுக்கு வழி தெரியாது. மீன் அறிவற்றது என்பதனால் அன்று. அதன் இயல்பு அப்படிப்பட்டது. அடைபட்ட மீன் சுவரை ஒட்டியே சுற்றிச் சுற்றி நீந்தும். தான் நுழைந்த சிறு துவாரமோ கூடையின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும். சுவரை ஒட்டிச் சுற்றும் மீன் நடுவிலுள்ள துவாரத்தைக் காண்பதில்லை. பறியின் முழு இரகசியமும் இதுவே.

இவ்வியல்பை மனிதன் மிகப் பழங்காலத்திலேயே கண்டுகொண்டான். ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில் புட்ஜ் பிம் என்னும் இடத்தில் குண்டிட்ஜ்மாரா என்னும் பழங்குடி மக்கள் எரிமலைக் கற்களைக் கொண்டு கால்வாயும் தடுப்பும் அமைத்து, அவற்றின் வாயில் பின்னிய கூடைகளை வைத்து விலாங்கு பிடித்தனர். அவ்வமைப்பின் ஒரு பகுதி ஏறத்தாழ 6,600 ஆண்டுகள் பழைமையானது என ஆய்வாளர் கணித்துள்ளனர். 2019ஆம் ஆண்டில் அது உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. நம் நாட்டில் மண்டபம், கீழக்கரைப் பகுதியின் கடல் மீனவர் உடைமரக் குச்சிகளைப் பிளந்து பின்னிய கூடுகளைப் பாறைகளின் இடையே இறக்கி மீன் பிடித்து வந்துள்ளனர். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமைகளில் கண்மாய் வற்றும் காலத்தில் ஊரே திரண்டு ஊத்தா என்னும் அடியற்ற கூடையைக் குத்தி மீன் பிடிப்பதை நீங்கள் அறிவீர்கள். ஈழத்துத் தமிழர் அத்தகைய கூடையைக் கரப்பு என்பர். ஊத்தாவும் கரப்பும் மனிதன் கையில் பிடித்துக் குத்தும் கருவிகள். பறியோ மனிதன் உறங்கும்போதும் வேலை செய்யும் கருவி.

நம் திருவள்ளூர் மாவட்டத்தில் இக்கலையை நன்கு அறிந்தவர்கள் இருளர் மக்கள். தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடியினர் என அரசு வகுத்துள்ள ஆறு குழுவினருள் அவர்களும் ஒருவர். பழவேற்காட்டுப் பகுதியின் உப்பங்கழிகளில் அவர்கள் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பதையும், பிடித்த இறாலைப் போட்டுக்கொள்ளும் ஓலைப் பறியைப் பல்லால் கவ்வியபடி நகர்வதையும் பலர் கண்டிருக்கலாம். 1907ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் சர் பிரடெரிக் நிக்கல்சனின் முயற்சியால் மீன்வளத் துறை தோன்றியது. பின்னர் அதன் இயக்குநராக விளங்கிய ஜேம்ஸ் ஹார்னெல், இம்மாகாணத்து மீனவரின் கருவிகளையும் முறைகளையும் பொறுமையாகப் பார்த்து எழுதி வைத்தார். படித்தவர்கள் ஏளனமாகக் கருதிய கருவிகளில் அவர் நுட்பத்தைக் கண்டார். அந்தக் கண்ணோட்டம் நமக்கும் வேண்டும்.

வேண்டிய பொருள்கள்

பறிக்கு வேண்டிய பொருள் யாவும் ஏரிக்கரையிலேயே கிடைப்பவை. மூங்கில் சிறந்தது. இளமூங்கில் விரைவில் சுருங்கி உளுத்துவிடும். மூன்று ஆண்டு முதிர்ந்த கழியே ஏற்றது. வெட்டிய கழியை இரண்டு, மூன்று வாரம் நீரில் ஊறப் போட்டால் அதிலுள்ள மாவுச்சத்துக் கரைந்து, வண்டு துளைப்பது குறையும். 2017ஆம் ஆண்டில் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் வனச் சட்டத்தில் மரம் என்னும் வரையறையில் சேராது. ஆகவே வரப்போரத்தில் மூங்கில் வளர்ப்பதற்கு உழவர்கள் தயங்க வேண்டியதில்லை.

மூங்கில் கிடைக்காத ஊரில் நொச்சி உண்டு. வேலியோரத்து நொச்சியின் நேரான குச்சிகள் வளையும், எளிதில் ஒடியா. தென்னை ஈர்க்கு சிறு பறிக்கு உதவும். வளையம் செய்வதற்குப் புளியம் விளார் நன்று. கட்டுவதற்குப் பனைமட்டையிலிருந்து உரித்த நார் வேண்டும். அந்நாரை ஓர் இரவு நீரில் ஊற வைத்தால் துணிபோல் மென்மையாகும். நைலான் கயிறு எளிதில் கிடைக்கும்போது பனைநார் எதற்கு என்று இளைஞர்கள் கேட்கலாம். அதற்கு விடையைப் பின்னால் கூறுகின்றேன்.

பின்னும் முறை

இப்பொழுது செய்முறையைக் கூறுகின்றேன். அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பிளாச்சு. மூன்று அடி நீளமும் அரை அங்குல அகலமும் கொண்ட பிளாச்சுகள் முப்பது சீவிக்கொள்ள வேண்டும். ஓரங்களைக் கத்தியின் முதுகால் இழைத்துவிட வேண்டும். இல்லையெனில் கை கிழியும்.

இரண்டாவது, வளையம். ஓர் அடி குறுக்களவுள்ள வளையங்கள் இரண்டு, பத்து அங்குலக் குறுக்களவுள்ளது ஒன்று, ஆறு அங்குலக் குறுக்களவுள்ளது ஒன்று, ஆக நான்கு வளையங்கள். விளாரைப் பச்சையாக இருக்கும்போதே வளைத்து, முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு விரற்கடை ஏற்றி நாரால் இறுகக் கட்டுக.

மூன்றாவது, உடல். பெரிய வளையம் ஒன்றை வாயில் வைத்து, அதனைச் சுற்றி முப்பது பிளாச்சுகளையும் முக்கால் அங்குல இடைவெளி விட்டுக் கட்டுக. ஓர் அடி குறுக்களவுள்ள வளையத்தின் சுற்றளவு ஏறத்தாழ முப்பத்தெட்டு அங்குலம். ஒரு பிளாச்சும் ஓர் இடைவெளியும் சேர்ந்து ஒன்றேகால் அங்குலம். முப்பது பிளாச்சுக்கு முப்பத்தேழரை அங்குலம். கணக்குச் சரியாக இருக்கின்றது. வாயிலிருந்து ஓர் அடி தள்ளி இரண்டாவது பெரிய வளையத்தையும், அதற்கு அப்பால் அரை அடிக்கு ஒன்றாகச் சிறிய வளையங்களையும் உள்ளே வைத்துக் கட்டுக. கட்டும்போது இரண்டு நார்களை எடுத்து, ஒன்று பிளாச்சின் மேலும் மற்றொன்று கீழுமாகச் செல்ல, ஒவ்வொரு பிளாச்சையும் கடந்தவுடன் அவற்றை மாற்றி முறுக்கிக்கொண்டே சுற்றிவர வேண்டும். இம்முறுக்கே பிளாச்சுகள் ஒன்றையொன்று நெருங்காமல் காப்பது. வால்புறத்தில் சிறிய வளையங்களை நெருங்கும்போது பிளாச்சுகளின் ஓரத்தைச் சற்றுச் சீவி ஒடுக்கிக்கொள்ளலாம்.

நான்காவது, வால். கடைசி வளையத்திற்கு அப்பால் நீண்டிருக்கும் ஓர் அடி முனைகளை ஒன்றாகக் குவித்து, இழுத்தால் அவிழும் முடிச்சால் கட்டுக. மீனை எடுக்கும் வழி அதுவே.

ஐந்தாவது, உள்வாய். பறிக்கு உயிர் இதில்தான் இருக்கின்றது. பதினான்கு அங்குல நீளமுள்ள மெல்லிய பிளாச்சுகள் முப்பது எடுத்து, ஒரு முனை அரை அங்குலமும் மறுமுனை கால் அங்குலமும் இருக்குமாறு சீவுக. அகன்ற முனைகளைப் பறியின் வாய் வளையத்தோடு சேர்த்துக் கட்டி, கூரிய முனைகள் உள்நோக்கிக் குவியுமாறு விடுக. நடுவே ஓரிடத்தில் மட்டும் நாரால் பின்னினால் போதும். உள்முனையின் திறப்பு மூன்று அங்குலம் இருக்கலாம். அந்த முனைகளைக் கட்டிவிடக் கூடாது. அவை தளர்ந்து, மீன் தள்ளும்போது விலகிக் கொடுத்து, மீன் நுழைந்தபின் மீண்டும் குவிய வேண்டும். திரும்பி வர நினைக்கும் மீனின் முகத்தில் அம்முனைகள் குத்தும்.

பழகிய கை ஒரு நாளில் ஒரு பறியை முடித்துவிடும். புதியவர்க்கு மூன்று நாள் ஆகலாம். முதற் பறி கோணலாகத்தான் இருக்கும். அதிலும் மீன் விழும்.

வைக்கும் முறை

பறி பின்னுவது பாதி வேலை. அதை வைக்கும் இடமும் திசையும் அறிவதே மறுபாதி.

புதுமழை பெய்து, கழனியிலிருந்தும் கால்வாயிலிருந்தும் நீர் ஏரிக்கு வந்து விழும்போது, ஏரி மீன் அந்நீரை எதிர்த்து ஏறும். கெண்டையும் கெளுத்தியும் விராலும் முட்டையிடுவதற்கு ஆழமற்ற புதுநீரை நாடிச் செல்லும். அக்காலத்தில் பறியின் வாய் நீர் ஓடும் திசையை நோக்கி, அதாவது கீழ்ப்புறம் பார்த்து இருக்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் கழனி நீர் வடியும்போது மீனும் நீரோடு இறங்கும். அப்பொழுது பறியின் வாய் மேற்புறம் பார்த்திருக்க வேண்டும். இந்த ஒரு செய்தியை அறியாதவன் நல்ல பறியை வைத்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்புவான்.

கால்வாயின் ஆழம் முழங்கால் அளவிலும், ஓட்டம் நிதானமாகவும் உள்ள இடமே ஏற்றது. பறியின் இருபுறமும் முளைக்குச்சி அடித்து, நாரால் பிணைத்து, அடியில் ஒரு கல்லை வைத்தால் நகராது. முளைக்குச் சீமைக்கருவேலங் கம்பு போதும். வாயின் இருபுறமும் தழைக் கொம்புகளைச் சாய்வாக நட்டால் மீன் அவற்றை ஒட்டி வந்து வாய்க்குள் நுழையும். ஓடாத நீரில் வைப்பதாயின் தவிட்டு உருண்டையோ புண்ணாக்கோ நசுக்கிய நத்தையோ உள்ளே இட வேண்டும். அந்தியில் வைத்து விடியலில் எடுக்க வேண்டும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஒன்று, பறியின் மேற்பகுதி நான்கு விரற்கடையேனும் நீருக்கு வெளியே தெரிய வேண்டும். விராலும் குரவையும் செவுளால் மட்டும் உயிர் வாழ்பவை அல்ல. அடிக்கடி மேலே வந்து காற்றைக் குடித்துப் போக வேண்டியவை. முழுவதும் மூழ்கிய பறியில் அவை மூச்சுத் திணறி இறந்துவிடும். நீரில் கிடந்து இறந்த மீன் வீட்டுக்கும் ஆகாது, சந்தைக்கும் ஆகாது.

இரண்டாவது, கால்வாயை முழுவதும் அடைக்கக் கூடாது. இதை நான் பட்டு அறிந்தேன். சிறு வயதில், மீன் ஒன்றும் தப்பக் கூடாது என்ற பேராசையால், கால்வாயின் குறுக்கே மண்ணும் தழையும் கொண்டு அடைத்து நடுவில் பறியை வைத்தேன். இரவில் பெய்த மழையில் பறியின் வாயைச் செத்தையும் குப்பையும் மூடிவிட்டன. நீர் வரப்பை உடைத்துப் பக்கத்துக் கழனியில் பாய்ந்து, நட்டு ஒரு வாரமே ஆன நாற்றை அடித்துக்கொண்டு போய்விட்டது. அந்தக் கழனிக்கு உரியவர் என்னை அடிக்கவில்லை. "தம்பி, மீன் உனக்கு, நஷ்டம் எனக்கா?" என்று மட்டும் கேட்டார். அக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அன்று முதல் கால்வாயின் அகலத்தில் பாதியை நீருக்கும் மீனுக்கும் திறந்தே விடுகின்றேன்.

எடுக்கும்போது கவனம்

விடியலில் பறியைத் தூக்கியவுடன் உள்ளே கை விடுவது கூடவே கூடாது. மீனைத் தேடித் தண்ணீர்ப் பாம்பு நுழைந்திருக்கலாம். அது நஞ்சற்றதே ஆயினும் கடிக்கும். வேறு பாம்பு இராது என்று உறுதி கூறவும் இயலாது. பறியைக் கரைக்குக் கொண்டுவந்து, வால் முடிச்சை அவிழ்த்து, தரையில் உதறுக. தேளியின் பக்க முள் குத்தினால் தேள் கொட்டியது போல் கடுக்கும். கெளுத்தியின் முள்ளும் பொல்லாதது.

ஆமை விழுந்திருந்தால் உடனே நீரில் விட்டுவிடுங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் ஏரி ஆமையைக் காக்கின்றது. சட்டத்திற்காக மட்டும் அன்று; ஏரியில் அழுகுவதைத் தின்று நீரைத் துப்புரவு செய்யும் தோட்டி அது.

இன்னொன்றும் கேளுங்கள். ஏரியோரத்தில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாய் மேலெழுந்து மேலெழுந்து முழுகுவதைக் கண்டிருப்பீர்கள். அவை விரால் குஞ்சுகள். தாயும் தந்தையும் அவற்றின் அடியிலேயே காவல் காத்து நீந்தும். அக்காவல் மீனைப் பிடித்துவிட்டால் குஞ்சுக் கூட்டம் முழுவதும் பிற மீனுக்கும் பறவைக்கும் இரையாகிவிடும். ஆகவே செங்குஞ்சு தோன்றும் இடத்தில் பறியை எடுத்துவிட வேண்டும். பறியின் இடைவெளியை முக்கால் அங்குலம் என்று நான் கூறியதும் சிறு குஞ்சுகள் வெளியேறிப் போவதற்கே ஆகும்.

இப்பொழுது நைலான் கேள்விக்கு வருகின்றேன். வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட நைலான் வலை அழிவதில்லை. ஆண்டுக்கணக்கில் நீரடியில் கிடந்து, எவருக்கும் பயனின்றி மீனையும் ஆமையையும் கொன்றுகொண்டே இருக்கும். பனைநார் கொண்டு கட்டிய பறியோ ஓரிரு பருவத்தில் நெகிழ்ந்து மண்ணோடு மண்ணாகிவிடும். தொலைந்துபோனாலும் தீங்கு செய்யாத கருவி அது.

காட்டிலும் வெள்ளத்திலும்

பறியின் அறிவு ஆபத்துக் காலத்திலும் துணை நிற்கும். வழி தவறிக் காட்டில் அகப்பட்டவன் முதலில் தேட வேண்டியது உணவு அன்று. உண்ணாமல் மனிதன் பல நாள் உயிரோடு இருக்க முடியும். நீர் இன்றிச் சில நாளே தாங்குவான். ஆகவே முதலில் குடிநீர், பிறகு மழைக்கும் குளிருக்கும் மறைவிடம், பிறகு நெருப்பு, அதன் பின்னரே உணவு. நீரோடையின் அருகே தங்க நேர்ந்தால், மெல்லிய குச்சிகளையும் கொடியையும் கொண்டு சிறு பறி ஒன்றைப் பின்னலாம். அதற்கும் கத்தி இல்லையெனில், ஓடையின் குறுக்கே கற்களை அடுக்கி, இரு வரிசைகள் ஒரு முனையில் நெருங்கி வருமாறு அமைத்து, அந்த இடுக்கின் பின்னால் கல்வேலி சூழ்ந்த சிறு குட்டை ஒன்றைக் கட்டலாம். மீன் நுழைந்தபின் இடுக்கை ஒரு கல்லால் மூடிவிட்டுக் கையாலேயே அள்ளலாம். மனிதன் வேட்டையாடி அலைந்தால் உடலின் வலு செலவாகும். பொறியோ அவன் ஓய்ந்திருக்கும்போது உழைக்கும்.

பிடித்த மீனைப் பச்சையாக உண்ணக் கூடாது. நன்னீர் மீனில் புழுக்கள் இருக்கக்கூடும். முற்ற வேக வைத்தால்தான் அவை சாகும். கடலோர உப்பங்கழியில் பந்துபோல் உப்பும் பேத்தை மீன் கிடைத்தால் எறிந்துவிட வேண்டும். அதன் நஞ்சு எவ்வளவு வேக வைத்தாலும் நீங்காது. ஆபத்து இல்லாத காலத்தில் காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் பறி வைப்பது குற்றம் என்பதையும் இளைஞர்கள் மறக்கக் கூடாது. பழக விரும்புவோர் தம் ஊர்க் கால்வாயில் பழகட்டும்.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015ஆம் ஆண்டு டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023ஆம் ஆண்டு டிசம்பரிலும் நம் சுற்றுவட்டாரம் நீரால் சூழப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அத்தகைய நாளில் தெருவில் மீன் துள்ளும். குழந்தைகள் கூடையோடு ஓடுவர். அந்நீரில் சாக்கடையும் எண்ணெயும் கலந்திருக்கும். மின்கம்பி அறுந்து கிடக்கும். அந்த மீனுக்கு ஆசைப்பட வேண்டாம் என்று வீட்டிலுள்ளோர் உறுதியாகத் தடுக்க வேண்டும்.

எந்நீரின் மீன் உண்ணத் தகும்?

இவ்விடத்தில் மனம் வருந்தி ஓர் உண்மையைக் கூற வேண்டியிருக்கின்றது. பறி நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. நீர் நல்லதாக இருக்க வேண்டும். கூவம் ஆறு நம் பகுதியின் வழியாகத்தான் நகரத்துக்குள் செல்கின்றது. அதன் இன்றைய நிலையை நான் சொல்ல வேண்டியதில்லை. கொரட்டூர் ஏரியில் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்தது நீதிமன்றம் வரை சென்ற வழக்காயிற்று. ஆவடியின் பருத்திப்பட்டு ஏரியும் கழிவுநீரால் கெட்டுக் கிடந்து, பின்னர் சீரமைக்கப்பட்டுக் கரையில் பூங்கா அமைந்தது.

ஆலைக் கழிவிலுள்ள உலோக நஞ்சு மீனின் உடலில் சேரும். வேக வைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. ஆகவே மீன் செத்து மிதக்கும் ஏரி, நுரை பொங்கும் ஏரி, ஆகாயத்தாமரை முழுவதும் மூடிய ஏரி ஆகியவற்றின் மீனை உண்ணலாகாது. தண்ணீர் தெளிந்து, சிறு கெண்டையும் அயிரையும் பல வகையாய்த் துள்ளும் ஏரியே நலமான ஏரி. வயலில் தெளிக்கும் பூச்சிமருந்தும் கால்வாய் வழியே மீனைத்தான் முதலில் சென்றடைகின்றது. மருந்து தெளித்த கழனியின் நீரை உடனே வடிய விடாதீர்கள்.

நம் ஏரிகளில் வெளிநாட்டு மீனும் புகுந்துவிட்டது. ஜிலேபிக் கெண்டை 1952ஆம் ஆண்டில் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதற்கு அரசு தடை விதித்துள்ளது. அது பிற மீனை எல்லாம் விழுங்கி ஏரியை வெறுமையாக்கிவிடும். இவை பறியில் விழுந்தால் மீண்டும் நீரில் விட வேண்டாம். இந்த வகையில் பறி ஏரிக்குக் களையெடுக்கும் கருவியும் ஆகும்.

ஊராட்சியின் கடமை

இனி ஊராட்சி உறுப்பினர்களுக்கென்று சில சொற்கள்.

ஊராட்சியின் பொறுப்பிலுள்ள குளங்குட்டைகளின் மீன்பாசியை நீங்கள் ஏலம் விடுகின்றீர்கள். அத்தொகை ஊர் நிதிக்குச் சேர்கின்றது. அதில் தவறில்லை. ஆனால் ஏலம் எடுத்தவர் முதலை மீட்பதற்காகக் கொசுவலை போன்ற நுண்கண் வலையை வீசி, குஞ்சு முதல் சினை மீன் வரை அரித்து எடுத்துவிடுகின்றார். அதே சமயத்தில், கரையோரத்தில் ஒரு பறி வைத்த இருளர் குடும்பத்தைத் திருடர் என்று விரட்டுகின்றார். தலைமுறை தலைமுறையாய் அந்நீரை அறிந்தவர்கள் அவர்கள். நீரைக் கெடுக்காமல், மூன்று வேளைக் குழம்புக்கு மட்டும் மீன் எடுத்தவர்கள் அவர்கள். கரையில் கிடைத்த அச்சிறு உணவும் போய்விட்டால் அவர்கள் எங்கே செல்வார்கள்? நம் மாவட்டத்துச் செங்கற்சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்திகளை நாம் படித்திருக்கின்றோம். கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் பசித்த வீட்டின் வாசலில் முன்பணம் இன்றும் வந்து நிற்கின்றது. அடுப்பில் மீன் வேகும் வீட்டில் அதற்கு அவ்வளவு எளிதாக இடம் கிடைக்காது.

ஆதலின் ஏல அறிவிப்பை எழுதும்போது நான்கு நிபந்தனைகளைச் சேர்க்குமாறு வேண்டுகின்றேன். ஒன்று, கையாலும் பறியாலும் வீட்டு உணவுக்கு மீன் பிடிக்கும் உரிமை ஊரிலுள்ள ஏழைகளுக்கு உண்டு. இரண்டு, புதுவெள்ளம் வந்த முதல் இரண்டு வாரங்களில் வரத்துக் கால்வாயில் எவரும் வலையோ பறியோ வைக்கலாகாது. அது மீன் முட்டையிடும் காலம். மூன்று, நுண்கண் வலை கூடாது. நான்கு, நஞ்சோ வெடியோ பயன்படுத்தினால் குத்தகை இரத்தாகும். 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே நஞ்சையும் வெடியையும் குற்றம் என்று கூறியிருக்கின்றது. புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

புதுவெள்ளத்தில் பறியின் வாய் கீழ்ப்புறம் பார்க்க வேண்டும் என்று சற்று முன் கூறினேன். இப்பொழுது அக்காலத்தில் வைக்கவே கூடாது என்கின்றேன். இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. முதல் இரண்டு வாரம் மீனுக்கு, அதன் பின்னும் மழைதோறும் மீன் ஏறும், அது நமக்கு. விதை நெல்லை விட்டுவைத்தபின் உண்பது உழவனுக்குத் தெரியாத வழக்கம் அன்று.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. பறி பின்னத் தெரிந்த முதியவர்கள் உங்கள் ஊரில் இருப்பார்கள். அவர்களைத் தேடுங்கள். அவர்கள் கழனி வேலைக்கும் கூலி வேலைக்கும் போய்வருவதால் நம் கண்ணில் படுவதில்லை. பள்ளி விடுமுறையில் இரண்டு நாள் அவர்களை அழைத்து, ஊராட்சிக் கட்டடத்தின் திண்ணையில் அமர்த்தி, பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் செய்யுங்கள். அதற்குரிய கூலியைக் கொடுங்கள். பொன்னாடை மட்டும் போர்த்தி அனுப்பிவிடாதீர்கள். கற்பவர்க்கு அவர் ஆசிரியர். ஆசிரியருக்கு உரிய நாற்காலியும் மரியாதையும் அவருக்கு வேண்டும்.

எனக்குப் பறி பின்னக் கற்பித்தவர் ஓர் இருளர் முதியவர். பள்ளிக்கூடம் பார்த்தறியாதவர். பறியை முடித்துக் கையில் கொடுக்கும்போது அவர் கூறியதைச் சொல்லி என் உரையை முடிக்கின்றேன். "இதில் விழுந்ததெல்லாம் உன்னுடையது இல்லை. பெரியதை எடு, சின்னதை விடு, சினை இருந்தால் கும்பிட்டு விடு. அடுத்த வருஷமும் ஏரிக்கு வரவேண்டும் அல்லவா?" என்றார். ஏரி நிருவாகத்தைப் பற்றி நான் பின்னர்ப் படித்த நூல்களில் இதைவிடத் தெளிவான விதியைக் கண்டதில்லை.

கூட்டம் முடிந்தபின் பின்புறத் திண்ணைக்கு வாருங்கள். மூங்கிலும் ஊறிய நாரும் வைத்திருக்கின்றேன். விரும்பியவர்கள் ஒரு வளையமாவது கட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம்.